பெட்ரோல் ரசீதுகள்

வெள்ளிக்கிழமைக்குள் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டுமாம்,
புதிய தலைவரின் உத்தரவு.
காலணிப் பெட்டிகள் பதினொன்று.
பத்தொன்பது வருட ரசீதுகள்,
ஆர்டிஸ் வோல்டன் கட்சிக்காகக் கார் ஓட்டியவை.
மை வெளுத்துவிட்டது.
ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான்
ஊர்ப்பெயர் எழுந்து வருகிறது:
மைனாட். ரக்பி. டெவில்ஸ் லேக்.
ஒரு ஜனவரி இரவு, மைனஸ் முப்பத்தொன்று,
கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர்,
அதில் ஒருவர் மண்டபத்துச் சாவிக்காரர்.

பிஸ்மார்க்கில், டயர் கடைக்கு மேல்மாடியில்
எங்கள் மாநிலத் தலைமையகம்.
கீழே இயந்திரம் நட்டு முடுக்கும்போது
மற்றவர்கள் போனில் பேச்சை நிறுத்திக்கொள்வோம்.
ஆர்டிஸ் குரலை உயர்த்துவார்.
வாக்குச்சீட்டில் எங்கள் இடம் வெறுமையாக இருக்கக் கூடாது,
அவருடைய கொள்கை விளக்கம் மொத்தமும் இதுதான்.
தோற்பதற்கு ஆள் பிடிப்பது லேசா?
பெண் கேட்டுப் போவதுபோல் போவார்,
மடியில் துணி சுற்றிய உருளைக்கிழங்குப் பாத்திரம் சுடச்சுட.
கால்நடை டாக்டர், சர்க்கரை பீட் விவசாயி,
ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர்.
“ஜெயிக்கமாட்டீர்கள்” என்பார் உட்கார்ந்த உடனேயே.
சிலர் அதற்காகவே சம்மதித்தார்கள்.

இங்கே டெபாசிட் கட்டும் வழக்கமில்லை.
அதைப் பறிகொடுக்கும் கௌரவம்கூட
எங்களுக்கு வாய்க்கவில்லை.

ஒரு நவம்பரில் மட்டும்
பதினேழு ஓட்டில் ஜெயித்தோம்.
ஹார்லன் ஷ்மிட்கே, தானியக் கிடங்கு மேலாளர்.
மறு எண்ணிக்கை முடிந்த ராத்திரி ரசீதில்
பெட்ரோலுக்குக் கீழே ஒரு சாக்லேட், அறுபத்தைந்து சென்ட்.
மறுநாளே அதைத் திருப்பிக் கட்டிய சீட்டும்
குண்டூசியில் சேர்ந்திருக்கிறது.

ஏப்ரலில் ஹார்லன் அந்தப் பக்கம் போனார்.
துரோகம் என்ற சொல்லுக்காக மைக்குகள் காத்திருந்தன.
“அவர் ஊருக்கு டயாலிசிஸ் மையம் வேண்டும்.
எங்களிடம் இருப்பது ஆறுதல் மட்டும்தானே” என்றார் ஆர்டிஸ்.
தலைப்புச் செய்திக்கு அது உதவவில்லை.
அன்று சாயங்கால ரசீது, ஹார்லனின் ஊர்.
போக நூற்றுப்பன்னிரண்டு மைல்.
திட்டினாரா, காப்பி குடித்துவிட்டு வந்தாரா,
நான் கேட்கவில்லை.

இந்த வருட மாநாடு ஃபார்கோவில்.
தோற்றுத் தோற்று அவருக்கு அது பழக்கமாகிவிட்டது என்றார்கள்,
நல்ல கோட்டு போட்ட இளைஞர்கள்.
தவறென்று சொல்ல முடியவில்லை.
துண்டுச்சீட்டில் பெயர் எழுதிப் போடுவது வழக்கம்.
நான் அவர் பெயரை எழுதவில்லை.

முப்பத்தாறு ஓட்டு வித்தியாசம்.
என் ஓட்டு விழுந்திருந்தாலும் தோற்றிருப்பார்,
எத்தனை தரம் கூட்டிக் கழித்தாலும்
அதே விடைதான் வருகிறது.
ஆனால் எண்ணும் மேசையில் அவரும் இருந்தார்.
பத்தொன்பது வருடம் காசோலைகளில்
என் கையெழுத்தைப் பார்த்தவர்.
என் சீட்டைக் கூடுதலாக ஒரு கணம்
கையில் வைத்திருந்தாரா என்று பார்த்தேன்.
இல்லை.
கட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டார்.

திங்கட்கிழமை வந்தார்.
காரின் சாவியை மேசையில் வைத்தார், கூடவே
எதிர் பங்கில் டேங்க் நிரப்பிய ரசீது.
“இதற்கு எனக்குப் பணம் வேண்டாம், எல்சா.
ஆனால் பதிந்துவிடு.”

பதிந்துகொண்டிருக்கிறேன்.
தேதி, ஊர், மைல், தொகை.
கடைசிக் கட்டம்: பயணத்தின் நோக்கம்.
மைனாட்டுக்கு எழுதிவிட்டேன், ரக்பிக்கும்.
ஹார்லனின் ஊர் வந்ததும் பேனா நிற்கிறது.
கீழே நட்டு முடுக்குகிறார்கள்.
அடங்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.