தங்கல்

தேங்காப்பட்டணம் துறைமுகம், பிற்பகல் மூன்று மணி.
ஐந்து இரவு கடலிலேயே உறங்கி
பகலெல்லாம் முங்கி எழ
ஒரு படகு வேண்டும் எங்களுக்கு.
ஆறு பேர்.
ஆறு பேருக்குமாகப் பார்த்துவர வந்தவள் நான்,
மற்ற ஐவருக்கும் ஆபீஸ் இருந்ததால்.

முதல் படகுக்கு நேற்றுதான் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.
கைப்பிடிக் கம்பியைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
நனைந்த பிஸ்கட் போல உள்ளே போனது.
ஏசி உண்டு, டிவி உண்டு,
மீன் பொரித்துத் தர ஆள் உண்டு என்றார்
ஏஜெண்ட் ஆல்டஸ் ரூபன்.
மெத்தையில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்.
உட்கார்ந்தேன். நல்ல மெத்தைதான்.
தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது என்றேன்.
வந்த வழியாகத்தான் என்று சிரித்தார்,
நான் தத்துவம் ஏதோ கேட்டுவிட்டது போல.

வந்த வழியில் அடுப்பு இருந்தது.

இரண்டாவதில் ஏணி நன்று,
துடுப்புக் காலோடும் ஏறிவிடலாம்.
ஆனால் என்ஜின் புகை கக்கும் குழாயும்
கம்ப்ரசர் காற்று இழுக்கும் குழாயும்
ஒரு முழ இடைவெளியில்
அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி நின்றன.
மேலே ஒரு மடங்கு நஞ்சு
முப்பது மீட்டர் ஆழத்தில் நான்கு மடங்கு.
சொல்லிப் பார்த்தேன்.
"கடல்ல காத்துக்கா பஞ்சம்?" என்றான்
எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பையன்.
பஞ்சமில்லை.
மேற்கேயிருந்து அடித்துக்கொண்டுதான் இருந்தது,
டீசல் வாடையை ஒழுங்காக
என் மூக்கில் கொண்டுவந்து சேர்த்தபடி.

மூன்றாவதை யாரும் காட்டவில்லை.
தூத்தூர் பெனான்சியசின் விசைப்படகு.
நாற்பது நாள் தங்கலுக்குப் போய்
சுறாவும் சூரையுமாகத் திரும்பிய படகு.
(நாங்கள் வாயில் நுழையாத பெயர் சொல்லி
இணையத்தில் தேடிக்கொண்டிருந்ததற்கு
இங்கே எப்போதும் இதுதான் பெயர், தங்கல்.)
வங்கிக் கடனுக்காக இந்த வருஷம்
மனிதர்களையும் ஏற்றுகிறார்.
ஐஸ் அறையைக் கழுவி
சிலிண்டர் நிற்கச் சட்டம் அடித்திருக்கிறார்.
எத்தனை கழுவியும் மீன் போகவில்லை.
கட்டில்கள் ஆறு, அதில் ஒன்று குட்டை.
கக்கூஸ் கதவைச் சாத்தினால் முட்டி இடிக்கும்.

ஆக்சிஜன் கேட்டேன்.
கறுப்பு உடல், வெள்ளைக் கழுத்து,
முள் முழுசில் நின்றது.
காற்று இழுக்கும் குழாய் எங்கே என்றேன்.
அணியத்தில், புகைக்கு எட்டாத தூரத்தில்,
மூங்கில் கட்டி உயரத் தூக்கியிருந்தார்.

"இனி நான் ஒண்ணு கேக்கட்டா பிள்ளே?
நீவாடு இழுத்துட்டுப் போனா
எங்க போய் எழும்புவீங்க?"
காற்றூதிய ஆரஞ்சுக் குழல் தண்ணீர்மேல் நிற்கும்,
அதைப் பார்த்து வாருங்கள் என்றேன்.
தலையாட்டினார்.
"போனவங்கள எண்ணுறது ஆரு?"
எங்கள் லீடர்.
"அவரும் கீழதான போவாரு?"

ஏழு வருஷம், இருநூறு முங்கல்.
இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை.

அவர் ஒரு பலகையைக் காட்டினார்,
சுண்ணாம்பில் ஒன்றிலிருந்து ஆறுவரை.
"செருப்ப இதுல போட்டுட்டு எறங்கணும்.
ஏறினவன் மாட்டிக்கணும்.
ஒரு சோடி மிச்சம் கெடந்தா
நங்கூரம் எடுக்க மாட்டேன்.
ராத்திரி ஆனாலும் சரி,
மெம்பர் சொன்னாலும் சரி."

விலையில் அவர் இறங்கவில்லை. நானும் ரொம்பக் கேட்கவில்லை.

ஏசி இருக்கா என்று கேட்டாள் ஷெரின் போனில்.
இல்லை.
ஃபோட்டோ அனுப்பு என்றாள்.
பலகையை அனுப்பினேன்.
இது என்ன என்று ஐந்து பேரும் கேட்டார்கள்.
ஆளுக்கொரு நிறத்தில் செருப்பு கொண்டு வாருங்கள்,
ஒரே மாதிரி இரண்டு வேண்டாம் என்று எழுதினேன்.
சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்தன.

குட்டைக் கட்டில் எனக்குத்தான்.
அதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.