இடது கை பச்சை

நூல் வாங்குவது ஒரு பழக்கம்,
பின்னுவது வேறொரு பழக்கம்.
ஒன்பது வருடம்
முதலாவதோடு மட்டும் குடித்தனம் நடத்தினேன்.

கட்டிலுக்கடியில் பயணப்பெட்டி.
நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் முடிந்து
விலை இறங்கும் வாரங்களில்
ஒவ்வொரு தடவையும் ஓர் ஆளை நினைத்து வாங்கியது:
கடுகு மஞ்சள் எட்டு உருண்டை தனேந்திரனுக்கு.
கட்டாருக்குப் போனவன்,
அங்கே கம்பளி எதற்கு என்று கேட்டான்,
அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.
போத்தல் பச்சை, தம்பிக்கு.
இப்போது அவன் தொப்பைக்கு
மூன்று உருண்டை எந்த மூலைக்கு?
வெள்ளை, அக்காவின் கைக்குழந்தைக்கு.
கைக்குழந்தை இந்த வருடம் புலமைப்பரிசில் எழுதுகிறாள்.
மண்ணிறம் யாருக்கென்று ஞாபகமில்லை.
மலிவாக இருந்திருக்கும்.

ஜூனில் தலவாக்கலையில் பதினேழு நாள் விடாத மழை.
அணைக்கட்டுக் கதவு திறக்கும் சங்கு கேட்ட இரவு
பெட்டியை வெளியே இழுத்தேன்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
குளிர். கரண்ட் இல்லை.
போனில் மட்டும் அறுபது வீதம் சார்ஜ்.

ஒரு வீடியோ. என்ன மொழியோ.
முகம் காட்டாத ஒருத்தி, இரண்டு கைகள்,
சுட்டுவிரலில் பழைய தீக்காயம்.
நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி நிறுத்தி,
அவள் 'தா' என்கிறபோது
ஊசி உள்ளே போகவேண்டும் என்று கண்டுபிடித்தேன்.
தந்தேன்.
விலைச்சீட்டு உரிக்காத ஊசி.

தபாற்கந்தோரில் யாருமே கேட்காத தந்திப் படிவங்கள்
இன்னும் இரண்டு கட்டு உண்டு.
பின்பக்கத்தில் வரிசைக்கு ஒரு கோடு.
முன்பக்கத்தில் பெறுநர் பெயர் காலி.

முதுகுப் பக்கத்தை மூன்று தரம் பிரித்தேன்.
ஒரு கண்ணி நழுவினால்
ஏணியாகிக் கீழே, கீழே, இன்னும் கீழே.
மேடு சரியும்போதும் முதலில் ஒரு கல்தான்.
பிரித்த நூல் நேராகாமல் சுருண்டு கிடந்தது.
தான் என்னவாக இருந்தோம் என்பதை மறக்க
அதற்கு ஓர் இரவும் ஒரு ஈரத்துணியும் தேவைப்பட்டன.

முன், பின், வலது கை.
அத்தோடு கடுகு முடிந்தது,
விரலில் சுற்றக்கூட மிச்சமில்லை.
ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன்.
அந்தக் கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள்.
பக்கத்துக் கடை முபாரிஸ்
உருண்டைச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"மிஸ், இது பழைய சாயம்.
இனி வந்தாலும் இதே மஞ்சளா வராது."
ஒரு போன் கவர் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இடது கை பச்சை.
கழுத்து, புலமைப்பரிசில்காரியின் வெள்ளை.
இடுப்புப் பட்டி அந்த ஞாபகமில்லாத மண்ணிறம்.
பச்சைக் கை இரண்டு விரற்கடை நீளம்,
மடித்துக்கொள்ளலாம்.
தனேந்திரனின் தோளளவில் தொடங்கி
எங்கோ நடுவில் என் தோளுக்கு வந்திருக்கிறேன்.
எந்த வரிசையில் என்று படிவங்களில் தேடினேன்.
கோடுகள்தான் இருந்தன.

அலசியது பிழை.
பனிமூட்டத்தில் நான்கு நாளாகியும்
காய்ந்தபாடில்லை.
பிறகுதான் உறைத்தது: என் அறைக்குக் கீழே பேக்கரி.
இரவு இரண்டு மணிக்குப் பியதிலக போறணை மூட்டுவார்,
சிமெந்துத் தரையில் ஒரு பாய் அகலம் மட்டும் சூடேறும்.
அங்கே கைகளை விரித்துப் படுக்கவைத்தேன்.
பக்கத்தில் நானும் படுத்தேன்.

திங்கட்கிழமை முதியோர் கொடுப்பனவு நாள்,
கவுண்டரிலிருந்து வாசல்வரை வரிசை.
மேல் டிவிசன் பேச்சாயி
பெருவிரலை மையில் வைத்தபடியே மூக்கை உறிஞ்சினார்.
"சுடச்சுடப் பாண் வாசம் அடிக்குதே, யாருகிட்ட?"
பின்னால் நின்றவர்கள்
தங்கள் தங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.
நான் பச்சைக் கையை நீட்டி
முத்திரையைக் குத்தினேன்.