மாப்பிள்ளைக்கு என்ன சோலி

முக்கூடலில் பெண் பார்க்கப் போயிருந்தோம்.
மிக்சர், கேசரி, வாடகை நாற்காலிகள்.
பீடித் தட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தார்கள்,
இலை வாசம் மட்டும் எங்களோடு உட்கார்ந்திருந்தது.
தாய்மாமன் கேட்டார்:
மாப்பிள்ளைக்கு என்ன சோலி?

பாளையங்கோட்டையில ஒரு ஹோம்ல.
மேனேஜரா?
இல்ல, கேர்டேக்கர்.
ஓ, வாச்மேன்.
என் அண்ணன் குனிந்து
கேசரிக்குள் முந்திரி தேடினான்.

இல்ல மாமா என்று ஆரம்பித்தவன்
எதிலிருந்து சொல்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

ஐந்தரைக்கு லைட்டைப் போட்டதும்
ஜெயசிங்கின் மெத்தையைத் தொட்டுப் பார்ப்பதிலிருந்தா?
நனைந்திருந்தால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார்.
நாற்பத்தொரு வயது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை.
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு
'மழை வரும்போல இருக்கே' என்றபடி
விரிப்பை உருவ வேண்டும்.
எங்கள் அறையில்
சித்திரை மாதத்திலும் மழை வரும்போலத்தான் இருக்கும்.

இட்லியைச் சாம்பாரில் மசித்து
மிளகாய்த் தோல் ஒன்றுகூட இல்லாமல் எடுத்துவிட்டு
ஷாகுலின் கடைவாயில் வைத்து
தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே
அடுத்த வாய்.
ஒன்றரை இட்லிக்கு நாற்பது நிமிடம்.
என் நாலு இட்லி நின்றவாக்கில் இரண்டு நிமிடம்.

வலிப்பு வந்தால் ஆளை அமுக்கக் கூடாது,
கையில் சாவியைத் திணிக்கக் கூடாது,
கடிகாரத்தைப் பார் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.
மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை
யாரும் சொல்லவில்லை.

மந்திரமூர்த்தி அடிப்பான்.
கோபமே கிடையாது அவனுக்கு.
குலவணிகர்புரம் கேட்டை அடைத்து
திருச்செந்தூர் வண்டி கூவும்போது
சந்தோஷம் கையில் நிற்காமல்
பக்கத்து ஆள் மேல் விழும்.
என் பல் ஒன்று அப்படித்தான் போனது.
ரிப்போர்ட் நோட்டில் 'தாக்கினார்' என்று எழுதச் சொன்னார்கள்.
'ரயில் வந்தது' என்று எழுதினேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
மூன்று நைட் டூட்டி சேர்ந்தாற்போல் பார்த்த ஒரு விடிகாலை
நானும் அவனை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறேன்.
ஓங்கிய கையைப் பார்த்து
ரயில் வந்துவிட்டதென்று கைதட்டிச் சிரித்தான்.
கையை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை.
அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

சம்பளம் எவ்வளவு தாராவ?
பன்னெண்டாயிரம்.
இது பொம்பளையாள் பாக்குற வேலைல்லா, என்றார் மாமா.
ஃபேன் சுற்றுவதை எல்லோரும் பார்த்தோம்.

பின்வாசலில், துணி துவைக்கிற கல் பக்கத்தில்
ஐந்து நிமிடம் பேச விட்டார்கள்.
செண்பகவடிவு நேரே கேட்டாள்:
வாடை வருமா?
வரும்.
வீட்டுக்கும் வருமா?
குளிச்சிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.
யோசித்தாள். புகையிலைத் தூள் ஏறிய
தன் விரல் நுனிகளை
முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.
'இதுவும் போவாது' என்றாள்.
அது சம்மதமா, சும்மா சொன்னதா,
பஸ்ஸில் ஆலங்குளம் வரும்வரை அண்ணனோடு விவாதித்தேன்.
அவன் தூங்கிவிட்டிருந்தான்.

இன்றோடு பதினோரு நாள்.
ஜெயசிங்குக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.
ஷாம்பு கண்ணில் இறங்காமல்
அவர் நெற்றியில் என் இடது கை வரப்பு.
வலது கையில் கப்பு.
பைக்குள் போன் அடிக்கிறது.

எடுக்கலையாடே?
நுரை இறங்குது, கண்ணை மூடும்வே.

அடித்து நின்றது. மறுபடி அடித்தது.
முக்கூடலாக இருக்கலாம்,
அட்வான்ஸ் கேட்டதற்கு ஆபீஸாகவும் இருக்கலாம்.
இரண்டு கையும் ஈரம்.
என் விரல் நடுங்கியது
அவர் நெற்றிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூடிய கண்ணைத் திறக்காமல்
ஓட்டுக்கூரைப் பக்கம் முகத்தைத் தூக்கி
ஜெயசிங் சொன்னார்:
மழை வரும்போல இருக்கே.