முறைக்காரன்

பஹாஹீலில், சலவைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில்
வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம்.
ஏசி தண்ணீர் சொட்டும் பெயின்ட் வாளிக்குப் பக்கத்தில்
போன மாதம்வரை மாசிலாமணி உட்கார்ந்த இடம்.

இன்றைக்கு வாசிக்க என் முறை.
ஊத்ஸ் தேசத்தானின் பாடுகள்.
வெளியே தூசிக்காற்று கண்ணாடியைப் பிறாண்டுகிறது.
அவனும் இந்தத் திக்குக்காரனாகத்தான் இருக்க வேண்டும்:
ஒட்டகம், கல்தேயர்,
வனாந்தரத்திலிருந்து கிளம்பி
வீட்டின் நாலு மூலையிலும் மோதிய காற்று.
ஷுவைபாவில் சாரம் கட்டுகிறவனுக்கு
அதை யாரும் விளக்க வேண்டாம்.

மாசிலாமணி ஓடிப்போனான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது.
ஓடவில்லை. ஐந்து மாதச் சம்பளம் கேட்கப் போனான்.
இப்போது நாடுகடத்தும் முகாமில்
ஒரு கம்பளி, ஒரு எண்.
பார்க்கப் போன எங்களில் ஒருவர்
"மறைவான பாவம் ஏதாவது..." என்று ஆரம்பித்தார்.
கம்பிக்கு அந்தப் பக்கம் சிரித்தான்.
"அண்ணே, அந்தச் சிநேகிதர்கள்
முதல் ஏழு நாள் வாயே திறக்கலை.
அதுவரைக்கும் நல்லவங்க."

மூக்குப்பேரியில் எப்சிபா
கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து அவனை அனுப்பினாள்.
போனில் கேட்பது இரண்டுதான்:
அவரை எப்ப மீட்பீங்க,
நகையை எப்ப மீட்கிறது.

சாம்பலில் இருந்தவன் 'மீட்பர்' என்று சொல்லும் இடத்தில்
நின்றுவிட்டேன்.
எபிரெயத்தில் அது வானத்துச் சொல் அல்ல,
வீட்டுச் சொல் என்று எங்கோ படித்தது:
கடனுக்கு விலைபோனவனை
பணம் கட்டி அழைத்துப்போக
முறை உள்ள இரத்த உறவு.

அப்படியானால் கடவுளுக்கு ஒரு சிக்கல் இருந்திருக்கிறது.
கவுன்ட்டரில் முதலில் கேட்பதே
நீ அவனுக்கு என்ன வேண்டும் என்றுதானே.
அதனால் மாம்சம்.
அதனால் தச்சுப்பட்டறை வியர்வை, விலா எலும்பு,
அக்கிரமக்காரர் பட்டியலில்
தானும் ஒரு எண்.

பாடு ஏன் என்று
அந்தக் கதை கடைசிவரை சொல்வதில்லை.
நானும் சொல்லாமல் புத்தகத்தை மூடினேன்.
யாரோ இருமினார்கள்.

நாளை முகாமுக்குப் போகிறேன்.
அபராதத்துக்கு இன்னும் நாற்பது தினார் குறைகிறது.
அவன் நாசரேத் பக்கம், நான் மார்த்தாண்டம்,
எங்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது.
படிவத்தில் 'உறவு' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நிற்கும்.
பிறகு
தம்பி என்று எழுதுவேன்.