காத்திருப்புக் கட்டணம்

எட்டரைக்கு ஸ்கேன் முடிந்தது.
டாக்டர் பார்ப்பது நான்கு மணிக்கு.
இடையில் கிடக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன்:
ஏழரை.
அந்த எண்ணை உரக்கச் சொல்லவில்லை.
"ஊர் சுற்றலாம், பூ" என்று வேன் கதவைத் திறந்தேன்.
அவர்கள் பக்கம் அம்மாவை 'பூ' என்றுதான் கூப்பிடுவார்கள்.
எனக்கு அது சுலபமாக வரும்.

மேடானிலிருந்து வருகிறவர்கள்
இப்படித்தான் பினாங்கைப் பார்க்கிறார்கள்,
முழங்கையில் ஒட்டிய பஞ்சோடு,
வெறும் வயிற்றின் மிச்ச மயக்கத்தோடு.
கண்ணயர்வதற்குள் இறக்கிவிடுகிற விமானம்.
பன்னிரண்டு வருடத்தில் என் வேனிலிருந்து
எத்தனை ஈரல், எத்தனை முதுகெலும்பு இறங்கி
கொடிமலை ரயிலுக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறது.

கொடிமலை உச்சியில் மேகம்.
பாலம் இல்லை, கடல் இல்லை.
திகோர் ஐயா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
"எங்கள் பிராஸ்தாகியிலும் இதே கதை.
அங்கே மேகமா, எரிமலைப் புகையா என்று
மோந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்."

அங்கிருந்து ஆரம்பித்தது.
நான் ஓட்டியது ஓர் ஊரில்,
அவர் சுற்றிக்காட்டியது இன்னோர் ஊரை.
கெக் லோக் சியில் ஆமைகளுக்குக் கீரை வாங்கும்போது
மைமூன் அரண்மனையின் மஞ்சள்.
"சரிகை உடுப்பு வாடகைக்குக் கிடைக்கும்.
ரோஸ்மைடா ராணியாக உட்கார்ந்த படம்
வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது."
ஜெட்டியின் பலகைகள் காலடியில் முனகும்போது
தோபா ஏரி.
"இக்கரையில் நின்றால் அக்கரை மழை தெரியும்.
ஏரிக்குள் தீவு. தீவுக்குள் இன்னொரு ஏரி."
"அந்தக் குட்டி ஏரிக்குள்?"
"ஓர் எருமை" என்றார்.
அம்மா சிரித்தார். அன்றைக்கு முதல் தடவை.

மதியம் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சோறு.
அம்மாவுக்கு மோர் மட்டும்.
"எங்கள் ஊரிலும் உங்கள் ஆட்கள் உண்டே,
கம்போங் கெலிங்" என்றார் ஐயா, ஆசையாக.
பக்கத்து மேசையில் ஒரு கை பிசைவதை நிறுத்தியது.
அந்தச் சொல்லுக்கு இங்கே பல் உடைந்ததுண்டு.
நாலு தெரு தள்ளி ஒரு பள்ளிவாசல்
அதே சொல்லைப் பெயரில் சுமந்தபடி
ஐந்து வேளையும் அழைப்பதும் உண்டு.
"இப்போது கம்போங் மெட்ராஸ்" என்று
அவர் காலை மிதித்துத் திருத்தினார் அம்மா.
நான் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

தண்ணீர்மலைத் தோட்டத்து வாசலில் பலகை:
நுழைவு பெர்ச்சுமா.
அம்மா நகரவில்லை.
"எங்களிடம் இந்தச் சொல்லுக்கு வீண் என்று பொருள்.
உள்ளே போயும் பயனில்லை என்றா
எழுதி வைத்திருக்கிறீர்கள்?"
இலவசம்தான் பூ, காசு வேண்டாம், சும்மா,
எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சொன்னேன்.
அதற்குள் ஒரு குரங்கு
மேடானிலிருந்து கடல் தாண்டி வந்த கேக் பெட்டியைப்
பைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு மரமேறிவிட்டது.
அதற்கு எந்த அகராதியும் தேவைப்படவில்லை.

மூன்றரை.
திகோர் ஐயாவின் கைக்கடிகாரத்தில் இரண்டரை.
வந்து இரண்டு நாளாகியும் அவர் முள்ளைத் திருப்பவில்லை.
"எங்கள் ஊர்ப்படி இன்னும் நேரம் இருக்கிறது" என்றார்,
யாரையும் பார்க்காமல்.
கர்னி கடற்கரையை இன்னொரு சுற்று ஓட்டினேன்.
அவர் எதையும் சுற்றிக்காட்டவில்லை.

அம்மாதான், ஜன்னலில் நெற்றி ஒட்டியபடி,
சிபிசோ-பிசோ அருவிக்கு என்னைக் கூட்டிப்போவதைப் பற்றி
ஏதோ சொன்னார்.
படிகள் அதிகமாம். மெதுவாக இறங்கலாமாம்.
வினைச்சொல்லில் காலம் ஒட்டாத மொழி அது.
போவோமா, போயிருப்போமா,
எதில் வாங்கிக்கொள்வது என்று தெரியாமல்
கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசல்.
ஐயா பர்சைத் திறந்தார்.
"எவ்வளவு நேரமாகுமோ. காத்திருக்க எவ்வளவு?"
மணிக்கு இருபது ரிங்கிட் என்று
கதவிலேயே ஒட்டியிருக்கிறது.
அதன்மேல் கையை ஊன்றி மறைத்துக்கொண்டு
"காத்திருப்பது பெர்ச்…" என்றேன்.
அம்மா திரும்பினார்.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கிராட்டிஸ், பூ.
கிராட்டிஸ்."