இருநூற்றுப் பதினாலாம் கம்பம்

ஹலிஸ்கோ, மெக்சிகோ, 1929

தந்திக்கம்பி பார்ப்பது என் வேலை.
சான் ஓனோஃப்ரே ஸ்டேஷன் தொடங்கி
செம்மண் மேடேறி இறங்கி
ஆற்றுப்பாலம் வரைக்கும்
முந்நூற்றுப் பன்னிரண்டு கம்பங்கள்.
எதில் மரங்கொத்தி ஓட்டை போட்டிருக்கிறது,
எது அடுத்த மழைக்குச் சாயும்,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

சட்டம் வந்ததும் என் கம்பி வழியாகத்தான்.
கோவில் தனி, கோட்டை தனி.
ஆபரேட்டர் எழுதிக்கொண்டிருக்க
நான் பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்தேன்.
நல்லதுதானே என்றுகூடத் தோன்றியது.
என் அப்பாவைப் புதைக்க
பாதிரியார் கேட்டது ஒரு பசுமாடு,
கன்றோடு.

பிறகு மணிகள் நின்றன.
பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை.
மகள் பிறந்தாள்.
குக்கா என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு
பானைத் தண்ணீரை மொண்டு
பிள்ளை தலையில் தானே ஊற்றினாள்.
என்ன பெயர் வைத்தாள் என்பது
மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

மார்ச்சில் பட்டாளம் வந்தது.
கேப்டன் உர்ரேயா மரியாதையானவர்.
எனக்கு சிகரெட் கொடுத்தார்,
தானே பற்றவைத்தார்.
'கம்பங்களில் எது நல்ல உறுதி?'
என்னிடம் இதுவரை யாரும்
வேலையைப் பற்றிக் கேட்டதில்லை.
'இருநூற்றுப் பதினாலு' என்றேன்.
'போன வருஷம் நட்டது. தார் பூசிய பைன்.
இரண்டு ஆள் உயரக் குழி, நானே தோண்டினேன்.'

விடிந்தபோது அதில்
மெழுகுவர்த்தி விற்கிற திபுர்சியோ தொங்கினான்.
வர்த்திக்கு அடியில் தோட்டா இருந்ததாம்.
வர்த்திக்கு அடியில் வர்த்திதான் இருந்தது
என்றும் சொன்னார்கள்.
ஒரு செருப்பு காலில், ஒன்று தண்டவாளத்தில்.
இறக்கக் கூடாது என்று
நெஞ்சில் அட்டை.
கம்பம்
இம்மியும் சாயவில்லை.

அடுத்த வாரம் மலையிலிருந்து மற்றவர்கள் வந்தார்கள்.
கிறிஸ்து ராஜா வாழ்க என்று கத்திக்கொண்டு
பதினாலு இடத்தில் கம்பியை வெட்டினார்கள்.
பள்ளிக்கூடத்துக்குப் போய்
டீச்சர் ஸெனாய்தாவின்
காதுகளை அறுத்தார்கள்.
அரசாங்கம் சொல்வதைக் கேட்ட காதுகளாம்.
அவள் சொல்லிக்கொடுத்தது
கூட்டல், கழித்தல்,
மழை எங்கிருந்து வருகிறது,
நகம் எப்படி வெட்டுவது.
அறுத்தவர்களில் ஒருவன்
அவளிடம் எழுத்துக் கற்றவன்.
போகும்போது மன்னிப்புக் கேட்டானாம்.
அவளிடமா, ஆண்டவரிடமா
என்று தெரியவில்லை.

ஒன்பதாம் நாள்
தலையில் துணி சுற்றிக்கொண்டு
ஸ்டேஷனுக்கு வந்தாள் ஸெனாய்தா.
குவாதலஹாராவுக்கு ஒரு தந்தி:
வகுப்பு திங்கள் நடக்கும் சாக்பீஸ் இரண்டு பெட்டி அனுப்பவும்.
ஏழு சொல்.
சில்லறை எண்ணிவைத்தாள்.
'கம்பி இல்லை, டீச்சர்' என்றார் ஆபரேட்டர்.
அவள் என்னைப் பார்த்தாள்.

ஏணியோடு கிளம்பினேன்.
பதிமூன்று வெட்டை முடித்தபோது உச்சிவெயில்.
பதினாலாவது, அந்தக் கம்பத்தில்.
ஏறினேன்.
வேறு பிடிமானம் இல்லை,
ஒரு இடத்தில்
அவன் தோளில் முழங்கை ஊன்ற வேண்டியிருந்தது.
முறுக்கிக் கட்டினேன்.
கம்பி அதிர்ந்தது.
ஏழு சொல்லும் திபுர்சியோவின்
தலைக்குமேல் போயின.

இரவில் போய் அவனை இறக்கியது யார் என்று
கேப்டன் விசாரித்தார்.
எனக்குத் தெரியாது என்றேன்.
குக்காவும் தெரியாது என்றாள்,
கையில் கயிறு அறுத்த காயத்தோடு.

இந்த ஜூனில் சமாதானம் வந்தது.
அதுவும் என் கம்பி வழியாகத்தான்.
மணி அடித்தார்கள், ஊரே அழுதது.
மணி என்றால் என்னவென்று அறியாத மகள்
கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள்.

தலைமையகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
மாற்ற வேண்டிய கம்பங்கள், காரணம்.
முப்பத்தொன்று: செல்லரிப்பு.
நூற்றெட்டு: சாய்வு.
இருநூற்றுப் பதினாலு:
உறுதியாக இருக்கிறது.

பிழை என்று சிவப்பு மையில் சுழித்து
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.