சனிக்கிழமை அரசிதழ்

ஃப்ரீடவுனில் ஜூலை மாதம் காகிதம்கூட வியர்க்கும்.
மூன்று அச்சகங்கள் இருந்தன:
சுங்கத்துக்கு ஒன்று, ரயில்வேக்கு ஒன்று,
நான் எழுத்துக் கோத்து, நானே மெய்ப்பும் பார்க்கிற
கவர்னரின் அச்சகம் ஒன்று.
மூன்று எதற்கு என்று லண்டனிலிருந்து கடிதம் வந்தது.
கடிதத்தில் ஒரு பிழை இல்லை. தேடிப் பார்த்தேன்.

செயலகத்து மிஸ்டர் ஹார்விக்
ஈரக் குடையோடு வந்து அறையை அளந்தார்,
அடியில் ஒரு முறை, கஜத்தில் ஒரு முறை.
பிறகு எங்களைப் பார்த்தார்.
அதற்கு அளவுகோல் எடுக்கவில்லை.
"ஒருங்கிணைப்பு" என்றார்.
பதினாறு பேரில் ஒன்பது பேர்
என்று அதற்குப் பொருள்.

புதன்கிழமை இயந்திரத்தைக் கழற்றினார்கள்.
க்ளைன் டவுன் போகிற வழியில், கிஸ்ஸி தெருச் சேற்றில்
அச்சு முறிந்தது.
கைவண்டியின் அச்சைச் சொல்கிறேன்.
எழுத்துப் பெட்டிகள் கவிழ்ந்து
சின்ன ஈ எழுத்துகளெல்லாம்
ஓரமாய் அக்காரா பொரிக்கும் அபிகேலின்
அடுப்படிவரை உருண்டன.

வியாழன் மாலை ஆணையின் கைப்பிரதி வந்தது.
"அரசிதழில் வெளியாகும் நாள் முதல் செல்லும்."
இரண்டு முறை படித்தேன். என் தொழில் அது.
வெளியானால்தான் செல்லும்.
வெளியிட இயந்திரம் இல்லை.
இயந்திரத்தைக் கழற்றியது இந்த ஆணை.
இந்த ஆணை இன்னும் ஆணை ஆகவில்லை.

ஃபோர்மேன் ஒபதியா ஜாரெட்டிடம் காட்டினேன்.
சிரிக்கவில்லை அவர்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
"அப்படியென்றால் கழற்றியவன்தான் குற்றவாளி" என்றார்.
பிறகு, கொஞ்சம் மெதுவாக,
"நாளைக்கும் சம்பளம் உண்டு."

வெள்ளிக்கிழமை அதே வண்டியில்
அதே ஆட்கள், இரட்டைக் கூலிக்கு,
இயந்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.
ஹார்விக் சுவரைப் பார்த்து நின்றார்.
ஒரு பக்கம் சற்றே சாய்வாகப் பூட்டி
இரவெல்லாம் ஓட்டினோம்.

ஈ எழுத்து போதவில்லை.
நாய் உரிமக் கட்டண அறிவிப்பு
பழைய சட்டத்தில் பிரிக்காமல் கிடந்தது.
அதைப் பிரித்து, நாய்களிடம் கடன் வாங்கி,
பதினான்காவது வரியைக் கோத்தேன்:
மெய்ப்பாளர், ஒன்று, நீக்கம்.

அந்த வரியில் ஒரு பிழையை விட்டுவைக்கலாமா
என்று ஒரு நிமிடம் நின்றேன்.
கை கேட்கவில்லை.

திங்கள் காலை அபிகேல் வந்தாளாம்,
சுரைக்குடுக்கை நிறைய ஈயத்தோடு.
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கழுவியிருந்தாள்.
பெற்றுக்கொண்டு ரசீது தர
அதிகாரம் உள்ளவர் எவரும் இல்லை.
படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனாள்.
மழை அதை நிரப்பிக்கொண்டிருந்தது.